பக்கத்தை மடிச்சுக் குடுத்தேன்

பஸ்ஸில யாராவது கொலைக் கேஸ் புஸ்தகத்தை விரிச்சு வச்சுப் படிச்சா, இன்னிக்கும் எனக்குச் சுருக்குன்னு கோபம் வரும். அவிய மேல இல்ல, என் மேல. அப்படி ஒரு புஸ்தகத்தால ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னு போச்சு. புஸ்தகம் என்ன செய்யும், பாவம்? நிறுத்தினது நான். இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

அப்ப ராஜபாளையத்துல ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். எதிரும் புதிருமா எட்டு வீடு, நடுவுல வெட்டவெளியா முத்தம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அடிபம்பு. தொண்ணூறு பிறந்த சமயம். வீட்டுக்காரருக்கு நூல் மில்லுல ஷிப்டு வேலை. எனக்கு இருபத்தேழு வயசு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிறந்து வளர்ந்தவ. அந்த எட்டு வீட்டுலயும் டிகிரி படிச்சவ நான் ஒருத்திதான், வேலைதான் கிடைக்கல. ரேஷன் கார்டுல பேரு தப்பா, என்கிட்ட வருவாக. பிள்ளைக்கு லீவு லெட்டரா, அதுக்கும் என்கிட்டத்தான் வருவாக. என்னமோ கலெக்டர் மாதிரி மூக்கை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். நினைச்சா எனக்கே என்னை ரெண்டு அறை விடலாம்னு இருக்கு.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அந்தக் காம்பவுண்டுல ஒரு வழக்கம். தளவாய்புரத்துல இருந்து தச்ச நைட்டி மூட்டை மூட்டையா வரும். அதுக்குப் பித்தான் வச்சு, அடிமடிப்பைக் கைத்தையல் போட்டுக் குடுக்கணும். எல்லாப் பொம்பளைகளும் முத்தத்துல நிழல் விழுற பக்கமாச் சாக்கு விரிச்சு உக்காந்து தைப்பாக. நான் மட்டும் ஊசியைத் தொட மாட்டேன். நான் கதை வாசிப்பேன். வாசிக்கிறவ பங்குப் பித்தானை மத்தவிய ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுத் தச்சுக் குடுத்துருவாக. இந்த ஏற்பாட்டை முதல்ல யாரு சொன்னதுன்னு ஞாபகம் இல்ல. எனக்கு அது ராஜமரியாதையா இருந்துச்சு.

புஸ்தகம் கொண்டு வர்றது ஒரு வாடகை லைப்ரரிக்காரர். சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பை தொங்கும், வாரத்துக்கு ஒரு தடவை வருவாரு. பெரும்பாலும் பத்திரிகையில வந்த தொடர்கதையைக் கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணினதுதான் இருக்கும். அந்த வருஷம் மாசி மாசம், காக்கி அட்டை போட்ட ஒரு தடிப் புஸ்தகத்தை எடுத்து நீட்டினாரு. "இதுக்கு எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காக தெரியுமா? உங்களுக்குன்னு ஒளிச்சு வச்சுக் கொண்டாந்தேன்"னாரு. போலீஸ்ல பெரிய வேலையில இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், தான் விசாரிச்ச ஒரு கொலை வழக்கை எழுதியிருந்தாரு. நடந்து இருபது வருஷம் ஆன வழக்கு. எத்தனையோ தடவை அச்சுப் போட்டு, எல்லா ஊர்லயும் ஜனங்க தேடித் தேடிப் படிச்ச புஸ்தகம் அது.

கதை இதுதான். மலையடிவாரத்துல ஒரு சம்சாரி. காடு கரை, தென்னந்தோப்பு, பம்புசெட்டுன்னு வசதியான ஆளு. ஒரு நாள் விடியக்காலம் பம்புசெட்டு ரூம்ல வெட்டுப்பட்டுக் கிடக்கான். தோப்புல வேலை பார்த்தவனைப் பிடிக்கிறாக. செத்தவன் பொண்டாட்டிக்கும் அவனுக்கும் தொடர்புன்னு அவளையும் சேர்த்து உள்ள வைக்கிறாக. அவ கையில பிறந்து மூணு மாசமான ஒரு பொட்டப்பிள்ளை. வேலைக்காரனுக்கு ஆயுள் தண்டனை. அவ மேல சாட்சியம் இல்லைன்னு கோர்ட்டு விட்டுருது. ஊர், பேரு எல்லாம் மாத்தி எழுதியிருக்கிறதா முன்னுரையிலயே போட்டிருந்தாரு. ஆனா கடைசி அத்தியாயத்துல மனுஷன் சும்மா இருக்கல. அந்தப் பொம்பளை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாளாம். ஏதாவது ஒரு பஞ்சாலை ஊர்ல வேற பேருல இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரிக்கே அவ யாருன்னு தெரியாம இருக்கலாம்ங்கிற மாதிரி எழுதி முடிச்சிருந்தாரு.

ஆத்தாடி, அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஆயிருச்சு. பஞ்சாலை ஊருன்னா எங்க ஊருதான? பக்கத்து வீட்டுக்காரின்னா நான்தான?

இதுல அஞ்சாம் வீட்டு அக்காவைப் பத்திச் சொல்லணும். அவியளுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருஷன் இல்ல. ஒரே மக, இருபது வயசு. பிளஸ் டூ முடிச்சிட்டு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவ. என்னைச் சித்தின்னு கூப்பிடுவா. எப்பப் பார்த்தாலும் சிரிச்ச முகம். அடிபம்புல என் குடம் நிறையலைன்னா அவ குடத்தை என் வாசல்ல வச்சிட்டுப் போயிருவா. அக்கா அதிகம் பேச மாட்டாக. கேட்டாத்தான் பதில். ஒரே ஒரு தடவை, சொந்த ஊர் மலையடிவாரத்துல கூமாப்பட்டிப் பக்கம்னு வாய்தவறிச் சொன்னாக. ஆனா அங்க இருந்து ஒரு ஈ காக்கா அந்த வீட்டுக்கு வந்து நாங்க பார்த்ததில்ல.

அந்தக் கொலைக் கேஸை ஒரு வாரம் வாசிச்சேன். வக்கீல் பேசினா வக்கீல் குரல், ஜட்ஜு பேசினா ஜட்ஜு குரல். ஊசியைக் கையில வச்சபடியே பொம்பளைக வாயைப் பொளந்து கேட்டாக. கூண்டுல நிக்கிற அந்தப் பொண்டாட்டிகிட்ட அரசாங்க வக்கீல் கேட்ட கேள்வியெல்லாம் வரிக்கு வரி போட்டிருந்துச்சு. எந்த நாள், எந்த இடம், எத்தனை தடவை. கூசிப் போற கேள்வி. நானும் அனுபவிச்சு அனுபவிச்சு வாசிச்சேன், சிரிச்சவியளும் உண்டு. அப்பத்தான் அஞ்சாம் வீட்டு அக்கா, குத்தின ஊசியை அப்படியே துணியில விட்டுட்டு எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிட்டாக. அன்னிக்குத் திரும்பி வரவே இல்ல. நான் வாசிக்கிறதை நிறுத்தாம ஓரக்கண்ணால அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பொறவு பங்குனி உத்திரம் வந்துச்சு. எங்க பக்கத்துல உத்திரத்தன்னிக்கு வீட்டுல ஆள் இருக்காது. எங்க பிழைக்கப் போனவனும் தன் குலசாமி எந்தக் காட்டுல இருக்கோ அந்தச் சாத்தா கோயிலுக்கு வந்து பொங்கல் வச்சே ஆகணும். வேதக்கார வீடுகன்னா அவிய ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவாக. ஆக, ரெண்டுல எதுக்கும் போகாத வீடுன்னு எங்க தெருவுல ஒண்ணு இருக்க முடியாது. ஒரு ஆளைப் புதுசாப் பார்த்தா, "உங்களுக்குச் சாமி எங்க?"ன்னுதான் கேப்போம். அந்தப் பதிலை வச்சே ஊர், வகையறா, சொந்தம் அம்புட்டையும் எடைபோட்டுருவோம். அந்த வருஷம் நான் வீட்டுக்கு விலக்கா இருந்ததால கோயிலுக்குப் போகல. காம்பவுண்டே காலியாக் கிடந்துச்சு. அஞ்சாம் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களிச்சாப்ல திறந்திருந்துச்சு. உள்ள தாயும் மகளும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக.

"நீங்க போகலையாக்கா?"ன்னேன்.

"எங்க சாமி ரொம்பத் தொலவுட்டி"ன்னாக.

கூமாப்பட்டி என்ன தொலவு? பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம். நாலஞ்சு வருஷமா ஒரே காம்பவுண்டு, ஒரு உத்திரத்துக்காவது இவிய கிளம்பிப் பார்த்ததுண்டா? இல்ல. சர்ச்சுக்குப் போய்ப் பார்த்ததுண்டா? அதுவும் இல்ல. எனக்குள்ள பட்டுன்னு கதவு திறந்த மாதிரி ஆயிருச்சு. ஊருக்குள்ள கால் வைக்க முடியாதவதான் சாமி கும்பிடப் போக மாட்டா. சொந்த ஊர்ல அப்படி என்ன செஞ்சா?

அன்னிக்கே ஒரு பென்சிலை எடுத்து அந்த வாடகைப் புஸ்தகத்தோட கடைசி வெத்துப் பக்கத்துல எழுதினேன். வயசு ஒத்து வருது. பிள்ளை வயசும் ஒத்து வருது. ஊர் மலையடிவாரம். சொந்தம் யாரும் வர்றதில்லை. சாமி கும்பிடப் போறதில்லை. வாசிக்கும்போது எழுந்து போனது. வரிசையா எழுதி அடியில கோடு வேற போட்டேன். பெரிய சி.ஐ.டி. நான்! வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்கா? கோழி அறுக்கையில கண்ணை மூடிக்கிற மனுஷி அது"ன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. லைப்ரரிக்காரர்கிட்ட இன்னும் முடிக்கலைன்னு பொய் சொல்லி, புஸ்தகத்தை வீட்டுலயே வச்சுக்கிட்டேன்.

சித்திரை கடைசியில அந்தப் பொண்ணுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர், டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்கிறவரு. பரீட்சை சென்டர்ல இவளைப் பார்த்துப் பிடிச்சுப்போயி, தானே வீட்டுல சொல்லிக் கேட்டு விட்டிருக்காரு. பார்த்துட்டுப் போயி, எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. மறுநாள் அந்தப் பிள்ளை முந்தானையில மறைச்சு மாப்பிள்ளை போட்டோவைக் கொண்டாந்து என்கிட்டக் காட்டினா.

"ஆளு எப்படி சித்தி?"

"மூக்குதான் கொஞ்சம் முன்னாடி வருது"ன்னேன்.

"போங்க சித்தி!"ன்னு என் தோள்ல ஒரு அடி அடிச்சிட்டு, ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். இப்படிச் சிரிச்சதுக்குப் பதினைஞ்சாம் நாள் நான் அந்தக் காரியத்தைச் செஞ்சேன்.

கல்யாணம் பேசி முடிக்கிறதுக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு ஆள் சத்தமில்லாம வந்து தெருவுல விசாரிப்பாக. எல்லா ஊர்லயும் உள்ளதுதான். மாப்பிள்ளையோட அக்கா வந்தாக. அடிபம்புல நின்னவிய, "அந்தா, அவிய படிச்சவிய, அவியகிட்டக் கேளுங்க"ன்னு என்னைக் கைகாட்டி விட்டுட்டாக. நானும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரின்னதும் அவியளுக்கு ரொம்ப சந்தோஷம். காப்பி போட்டுக் குடுத்தேன். நாற்காலியில உக்காந்து குடிச்சாக.

"பொண்ணு எப்படிங்க?"

"பொண்ணு தங்கம்"னேன். அது உண்மை.

"அம்மா?"

அந்த இடத்துல நான் ஒரு மூச்சு நிறுத்தினேன். வேணும்னேதான் நிறுத்தினேன். நல்லவியன்னு ஒரு சொல் சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். ஆனா எனக்குத் தெரிஞ்ச ரகசியத்துக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சே! அதுவும் காது குடுத்துக் கேக்கிற ஆளு. அசிங்கமான ஒரு சந்தோஷம்.

"எதுக்குங்க வம்பு. என் வாயால ஒண்ணும் வர வேண்டாம்"னேன்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? எங்க தம்பி வாழ்க்கைங்க. உங்க கூடப்பிறந்தவளா நினைச்சுச் சொல்லுங்க."

நான் உள்ள போயி அந்தப் புஸ்தகத்தை எடுத்தேன். கடைசி அத்தியாயத்துல, அந்தப் பொம்பளை பிள்ளையோட ஊரை விட்டுப் போற பக்கத்தை மூலையில மடிச்சேன். பேப்பர்ல சுத்தி அவிய கையில குடுத்தேன். "இதைப் படிச்சிட்டு நீங்களே யோசிச்சுக்கோங்க. நான் சொன்னதா மட்டும் இருக்கக் கூடாது"ன்னேன். ஒரு பொய்யும் சொல்லல பாருங்க. அம்புட்டு சாமர்த்தியம்.

பத்து நாள் கழிச்சு, ஜாதகம் சரியா அமையலைன்னு சொல்லி அனுப்பிட்டாக. அந்தப் பிள்ளை எங்க முன்னாடி அழல. மத்தியானம் வழக்கம்போல வந்து உக்காந்து பித்தான் தச்சா. என் பங்குப் பித்தானையும் சேர்த்துத் தச்சா. மறுநாள் ஒரு கவரைக் கொண்டாந்து, "போட்டோவைத் திருப்பி அனுப்பணும் சித்தி. உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும், அட்ரஸ் எழுதிக் குடுங்க"ன்னா. எழுதிக் குடுத்தேன். வருத்தப்பட்டேன்னு சொன்னா அதுவும் பொய்யாத்தான் இருக்கும். நல்லவேளை, கொலைகாரி மகளை ஏமாந்து கட்டிக்காம அவிய தப்பிச்சாகன்னுதான் அப்ப நினைச்சேன்.

அந்த வாரமே ஒரு காலையில அஞ்சாம் வீட்டு அக்கா என் வீட்டு வாசல்ல வந்து நின்னாக. அதுவரைக்கும் அவிய என் வீட்டுக்குள்ள வந்தது கிடையாது.

"ஏட்டி, எனக்கு ஒரு உதவி செய்யி. என்கூட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரியா? மாப்பிள்ளை வீட்டுல போயி நான் பேசணும். எனக்கு எடுத்துப் பேசத் தெரியாது. நீ படிச்ச புள்ள, உன் ஊரு வேற. நீ சொன்னாக் கேப்பாக"ன்னாக.

"ஜாதகம்னு சொன்னாகளேக்கா?"ன்னேன்.

"ஜாதகமெல்லாம் இல்லட்டி. எல்லாம் என்னாலதான்"னு சொல்லிட்டு, கதவுப் பக்கமா நின்னபடியே அவிய கதையைச் சொன்னாக. கூமாப்பட்டிக்குப் பக்கத்துல மகாராஜபுரத்துல வேதக்கார வீட்டுல பிறந்தவிய. அப்பா சர்ச்சுல உபதேசியாரு. இவிய ஒரு இந்து ஆளோட பிரியப்பட்டு வீட்டை விட்டு வந்துட்டாக. அப்பா அதோட கதவைச் சாத்திட்டாரு. புருஷன் வீட்டுப் பங்காளிக, வேதக்காரியைக் கட்டினவனைத் தலைக்கட்டு வரியில சேர்க்க மாட்டோம், கோயில் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாக. பிள்ளைக்கு ரெண்டு வயசா இருக்கையில புருஷன் மஞ்சக்காமாலையில செத்துப் போனாரு. அதுக்கப்புறம் இவியளுக்குன்னு எந்தப் பக்கமும் ஆளில்லை.

"உத்திரத்துக்கு எங்க போறது சொல்லு? அவிய சாமி எங்களை வரக் கூடாதுன்னுருச்சு. சர்ச்சுக்குப் போக எனக்கு முகமில்ல. யாராவது கேட்டா தொலவுன்னு சொல்லிக்கிடுவேன். பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மாகிட்ட இம்புட்டையும் மறைக்காமச் சொல்லிட்டேன். அப்பச் சரின்னுதான் சொன்னாக. பொறவு யோசிச்சிருப்பாக போல."

பென்சில்ல எழுதின ஒவ்வொரு வரியும் கண்ணு முன்னாடி வந்து போச்சு. அந்த நிமிஷமே கால்ல விழுந்து சொல்லியிருக்கணும். சொல்லல. கூட வரமாட்டேன்னு சொன்னா சந்தேகம் வந்துருமோன்னு பயந்து, "வாரேன்க்கா"ன்னேன். அந்த மாப்பிள்ளையோட அக்கா வீட்டுல இருக்கக் கூடாது சாமின்னு வழி நெடுக வேண்டிக்கிட்டேன். வேண்டுதலைப் பாருங்க.

பஸ்ஸில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அக்கா மடியில மஞ்சப்பை, அதுல சப்பட்டை மாம்பழம். சம்பந்தம் இல்லைன்னு சொன்னவிய வீட்டுக்குப் பழம் வாங்கிக்கிட்டுப் போறாக! பாதி வழியில அவியளாவே பேச்செடுத்தாக.

"அந்தக் கொலைக் கேஸ் வாசிச்சியே, ஒரு நாள் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன், உனக்கு வருத்தமா? எனக்குத் தாங்கலட்டி. கைப்பிள்ளைக்காரியை நடுவுல நிக்க வச்சு என்னென்ன கேள்வி கேட்டுட்டானுக. அவ செஞ்சாளோ செய்யலையோ, ஒரு பொம்பளையை அப்படியா கேக்கிறது? அதுக்குச் சிரிக்க வேற செஞ்சாக."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்த முத்தத்துல உக்காந்திருந்த அத்தனை பேர்ல அவளுக்காகப் பரிதாபப்பட்டது இவிய ஒருத்திதான். அதையும் நான் சாட்சியா எழுதி வச்சிருக்கேன். வெக்கம்னா என்னன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது, காதெல்லாம் எரிஞ்சது.

மாப்பிள்ளை வீட்டுல அவரு இல்ல. அவரோட அம்மாவும் அக்காவும் இருந்தாக. உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாக, மரியாதையில ஒரு குறையும் வைக்கல. அஞ்சாம் வீட்டு அக்கா பழப்பையைக் கீழ வச்சிட்டு, "நான் வேதக்காரியாப் பிறந்தது உங்களுக்குச் சங்கடமா இருந்தா, நான் என் மக வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டேன். எழுதி வேணும்னாலும் தாரேன். அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லாதீக"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாக.

மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஐயோ, அதுக்கில்லம்மா. அதைத்தான் நீங்க அன்னிக்கே சொல்லிட்டீங்களே. எங்க வீட்டுல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கிடல"ன்னாக.

"அப்புறம் எதுக்கு?"

மாப்பிள்ளையோட அக்கா என்னைப் பார்த்தாக. பொறவு எந்திரிச்சு உள்ள போயி, பேப்பர் சுத்தின அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்து என் மடியில வச்சாக. "நீங்க குடுத்ததுதானே. திருப்பிக் குடுக்கணும்னு இருந்தேன்"னாக. அவிய அதைக் கெட்ட எண்ணத்துல செய்யல. நான் விவரமெல்லாம் தெரிஞ்சு, அதைப் பேசத்தான் கூட வந்திருக்கேன்னு நினைச்சிருப்பாக.

"நான் தப்பா நினைச்சிட்டேன். அது இவிய இல்ல. சத்தியமா இல்ல"ன்னு உளறினேன்.

"அப்ப எதுக்குங்க பக்கத்தை மடிச்சுக் குடுத்தீங்க? கடைசியில உங்க கையாலயே எழுதி வச்சிருக்கீங்க. இப்ப நேர்ல பார்த்ததும் இரக்கப்பட்டு மாத்திச் சொல்றீங்க"ன்னாக. நான் எம்புட்டோ சொன்னேன். அழுதேன். நான் அழ அழத்தான் அவியளுக்குச் சந்தேகம் கூடிப் போச்சு. புஸ்தகத்துல அச்சாகி இருக்கிறதை நம்புறதா, இவ அழுகையை நம்புறதா?

அஞ்சாம் வீட்டு அக்கா என் மடியில இருந்து புஸ்தகத்தை எடுத்துப் பேப்பரைப் பிரிச்சாக. அந்தக் காக்கி அட்டையை அவியளுக்குத் தெரியும், ஒரு வாரம் எதுக்க உக்காந்து பார்த்தது. மடிச்ச பக்கத்தைப் பார்த்தாக. பொறவு கடைசிப் பக்கம். எழுத்துக் கூட்டித்தான் அவியளுக்குப் படிக்க வரும். விரலை வச்சு ஒவ்வொரு வரியா மெதுவாப் படிச்சாக. 'சாமி கும்பிடப் போறதில்லை'ங்கிற வரியில மட்டும் செத்த நேரம் விரல் நின்னுச்சு. முழுசும் படிச்சிட்டு, புஸ்தகத்தை மூடி என்கிட்டயே குடுத்துட்டு, "வாரோம்மா"ன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சாக. பழப்பையை எடுத்துக்கிடல.

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து அக்கா விறுவிறுன்னு முன்னால நடந்தாக. நான் பின்னாலயே போறேன். "அக்கா, என்னை அடிச்சிருங்க"ன்னேன். திரும்பிப் பார்க்கல. ராஜபாளையம் பஸ் நிக்கிற இடத்துக்கு வந்த பொறவுதான் என் முகத்தைப் பார்த்தாக. கோபமாக் கேக்கல. தெரியாத ஒண்ணைக் கேக்கிற மாதிரித்தான் கேட்டாக.

"ஏட்டி, அந்தப் புஸ்தகத்துல அவளை விட்டுட்டாகன்னுதானே வாசிச்ச? கோர்ட்டே போன்னு சொல்லிருச்சுல்ல?"

"ஆமாக்கா."

"பொறவு நீ எதுக்கு அவளைத் தேடின?"

அதுவரைக்கும் நான் தப்பான ஆளைப் பிடிச்சிட்டேன்னுதான் அழுதுக்கிட்டு இருந்தேன். சரியான ஆளா இருந்திருந்தா? அவளும் கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து, யார்கிட்டயோ தண்ணிக் குடம் வாங்கி, பித்தான் தச்சு, மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கிட்டுத்தான இருந்திருப்பா? அவ மக கல்யாணத்தை நிறுத்தினா மட்டும் அது நல்ல காரியமா?

"சும்மாதான்க்கா"ன்னேன். உண்மையிலேயே அம்புட்டுத்தான். வேற ஒரு காரணமும் இல்ல.

அக்கா தலையை ஆட்டிக்கிட்டாக. பஸ் வந்துச்சு. அவிய ஏறி, முன்னால ஒரு கிழவி பக்கத்துல உக்காந்துக்கிட்டாக. நான் பின்னால நின்னுக்கிட்டே வந்தேன்.

அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டாக. சாமான் ஏத்துற அன்னிக்கு நான் வெளிய வரல, கதவை உள்தாழ்ப்பாள் போட்டுட்டு அடுப்படியில உக்காந்திருந்தேன். அந்தப் பிள்ளை மத்த ஆறு வீட்டுலயும் சொல்லிட்டுப் போனா. என் வாசலுக்கு வரும்போது கொலுசுச் சத்தம் நின்னு, பொறவு தள்ளிப் போச்சு. அன்னிக்கு அவ கூப்பிட்டிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது. புஸ்தகத்தை லைப்ரரிக்காரர்கிட்டத் திருப்பிக் குடுக்கையில, "அந்தக் கொலை நம்ம ஜில்லாவே இல்லையாம்மா, எங்கயோ வடக்கயாம். நேத்து ஒரு வக்கீல் சொன்னாரு"ன்னு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே சைக்கிள்ல ஏறினாரு. அதுக்கப்புறம் நான் முத்தத்துல வாசிக்கல. என் பங்குப் பித்தானை நானே தச்சேன். கேட்டவியகிட்டத் தொண்டை சரியில்லைன்னேன்.

அவிய எங்க போனாகன்னு யார்கிட்டயும் கேக்கல. விசாரிக்கிறதுக்கு எனக்கு இனி வாய் கிடையாதுன்னு வச்சுக்கிட்டேன்.

நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல தேங்காய் வாங்கிக்கிட்டு நிக்கிறேன். எதுத்தாப்ல தென்காசி பஸ்ஸில ஜன்னலோரமா அந்தப் பிள்ளை. கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. பின்னலைத் தூக்கி முன்னால போட்டுக்கிட்டுப் பக்கத்து ஆள்கிட்ட ஏதோ பேசிக்கிட்டு இருந்தா. பழகின கண்ணு, தன்னால அவ கழுத்துக்குத்தான் போகப் பார்த்துச்சு, தாலி இருக்கான்னு. நான் சட்டுன்னு திரும்பித் தேங்காய்க்கடைக்காரனைப் பார்த்து நின்னுக்கிட்டேன். "வேற காய் தரட்டுமா?"ன்னு அவன் கேட்டான். பஸ்ஸு கிளம்பிப் போற சத்தம் முழுசா அடங்கின பொறவுதான் திரும்பினேன். அவளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.